கருகமணிக்கு ஒரு பதக்கம்

அந்த அறையின் ஜன்னல் முழுக்க ஆரஞ்சுத் தாள் ஒட்டியிருந்தோம். வெயில் பட்டால் தொட்டியிலிருக்கும் பிசின் தானாக இறுகிவிடும். ரங்கூன் லான்மடாவில் நகைப் பட்டறை. கீழே கடைவீதிக் கூச்சல், மேலே நானும் ஒரு மெஷினும். நகையைக் கணினியில் வரைந்து கொடுத்தால், மெஷின் தொட்டிக்கு அடியிலிருந்து ஒளி காட்டும். வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஓர் அடுக்கு இறுகித் தட்டில் ஒட்டும். தட்டு சற்றே எழும்பும். மறுபடி ஒளி, மறுபடி ஓர் அடுக்கு. மோதிரம் தலைகீழாகத் தொங்கியபடியே வளரும்.

நடுவில் கரண்ட் போனால் தீர்ந்தது கதை. ரங்கூனில் கரண்ட் போகாத நாள் எது? பேட்டரி சில நிமிடம் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டரைப் போட வேண்டும். அதனால் மெஷினுக்கு ஆள் காவல். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை வெளிநாட்டில், வீட்டுக்கு ஓட அவசரமில்லாதவள். இந்த வேலைக்கு என்னை விட்டால் யார்?

என் ஒரே பையனுக்குப் பினாங்கில் நிக்காஹ் நிச்சயமானது. எங்களில் பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் உம்மா. இல்லாவிட்டால் அக்கா, தங்கை. அவனுக்கு அந்த வகையில் யாருமில்லை, நான் ஒருத்திதான். எனக்கோ பாஸ்போர்ட் வந்தபாடில்லை. அழுது தீர்த்தேன். கை போக முடியாவிட்டால் கைவேலையாவது போகட்டும் என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் முதலாளியிடம் கேட்டேன்.

"நானா, மருமவளுக்குக் கருகமணியில கோக்க ஒரு பதக்கம் செஞ்சுக்கட்டுமா?"

"செய்யும்மா, உம்புள்ள என்ன எம்புள்ள என்ன. கடை வேலை இல்லாத நேரமாப் பாத்துக்க."

மெஷின் சும்மா இருப்பது வெள்ளிக்கிழமை மதியம்தான். பதக்கத்தை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். பாதி வளர்ந்திருக்கும், கரண்ட் போனது. கீழே ஓடினால் ஒரு ஈ காக்கை இல்லை. அத்தனை ஆண்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அடி மடச்சி, அதனால்தானே மெஷினே சும்மா இருந்தது! ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். இருமியது. "படுபாவி, எம்புள்ள கல்யாணம்டா" என்று திட்டிக்கொண்டே தோள் கழன்றுவிடும்போல இழுத்தேன். பிடித்துக்கொண்டது. மேலே ஓடினால் பேட்டரி இன்னும் கத்திக்கொண்டிருந்தது, மெஷின் நிற்கவில்லை.

சுண்டுவிரல் நகமளவு மாங்காய், பச்சைப் பிசினில். ஸ்பிரிட்டில் கழுவி எடுத்தேன். அதைச் சாந்தில் புதைத்துச் சூளையில் வைத்தால் பிசின் எரிந்துபோகும், அது இருந்த இடத்தில் தங்கம் போய் உட்காரும். அப்படித்தான் உட்கார்ந்தது. பினாங்கு போகும் வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

"உம்மா, பொண்ணோட உம்மாதான் கட்டுறாங்க. ஆனா நீங்க போன்ல பிஸ்மி சொன்னப்புறம்தான்" என்று பையன் சொல்லியிருந்தான்.

நிக்காஹ் அன்று புதுத் தமேய்ன் கைலி உடுத்தி, பூ வைத்து, தெருமுனையில் காசுக்குப் பேசவிடும் போன் மேசைக்குப் போனேன். பஸ் கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எண்ணைப் போட்டுக் கொடுத்தவள் என் உடுப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உம்மா, சொல்லுங்க" என்றான். பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தெருவே திரும்பும்படி, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்றேன்.

லைன் அறுந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அறுந்ததா, பின்னாலா, தெரியவில்லை. மறுபடி போடச் சொன்னேன், கிடைக்கவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கல்யாண வீட்டில் நிற்பவளைப்போல் நின்றேன், சுற்றிலும் நம்மவர் யாருமில்லை.

சாயங்காலம் பட்டறைக்கு அவனே போன் போட்டான். "கட்டியாச்சும்மா. பதக்கத்த எல்லாரும் கையில வாங்கி வாங்கிப் பாத்தாங்க."

நான் சொன்னது கேட்டதா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் "கேட்டுச்சும்மா" என்றுதான் சொல்வான். ஆனால் பொய் சொல்லப் பழகாத பிள்ளை, சொல்லுமுன் கொஞ்சம் தயங்குவான். அந்தத் தயக்கத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"நல்லா இருங்க வாப்பா" என்று சொல்லி நானே போனை வைத்துவிட்டேன்.