கப்பல் சார் கண்டுபிடித்த அறுபத்தொரு பேர்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கப்பல் சார். சர்வதேச வணிகப் படிப்பின் முதல் வகுப்பை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். "ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நாலு நாளா நிக்குது. யாருக்கெல்லாம் வயித்தைக் கலக்கும்?" பிறகு ஒரு மணி நேரத்துக்குப் பலகை முழுக்க அம்புக்குறிகள். இருபத்து மூன்று வருடமாக அந்தக் கப்பலுக்கு வழி விடவில்லை என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவர் காதிலும் அது விழும், சிரித்துக்கொள்வார்.

நான் அந்தத் துறையின் அலுவலக எழுத்தர். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். அவருடைய இருமலை வைத்தே அன்றைக்கு மனநிலை எப்படி என்று சொல்லிவிடுவேன்.

வணிகத் தரவுப் பகுப்பாய்வு என்று புதிய படிப்பு ஒன்றை எங்கள் துறை தொடங்கியது. அதற்குக் கூட்டம் சேரச் சேர, இவர் வகுப்பு கரைந்தது. அறுபது பேர் இருந்த இடத்தில் முப்பத்து நான்கு, அடுத்த வருடம் பத்தொன்பது, கடைசியில் ஒன்பது. பெரிய அறையைத் தரவுப் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்கு மாறினார். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல மூச்சு வாங்குவார். பலகையில் ஒரு மாதமாக ஒரே காகிதம்தான் இருந்தது.

ஒருநாள் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் இருந்தேன்.

"சார், அடுத்த வருஷத்துலேர்ந்து உங்க கோர்ஸுக்கு அட்மிஷன் இல்லைன்னு முடிவாயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க. நம்பர் அப்படி இருக்கு."

"அப்ப நான்?"

"டேட்டா கோர்ஸ்ல ஒரு பேப்பர் எடுக்கலாம். ஆனா அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும். ஆறு மாசந்தான். நம்ம சின்ன மேடம்தான் நடத்தறாங்க."

சின்ன மேடம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவரிடமே படித்தவர். முதல் நாள் இவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், நீங்க இங்க உக்காந்தா எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது."

"கவலைப்படாதீங்கம்மா, நான் தூங்கிடுவேன்."

தூங்கவில்லை. ஆனால் பாடம் ஏறவும் இல்லை. "ஒரு கமா விட்டுப் போனதுக்கு இந்தக் கம்ப்யூட்டர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது. எங்க வீட்டுலகூட இவ்வளவு கோபம் கிடையாது" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து புலம்புவார்.

கடைசிப் பயிற்சிக்காக, துறைக்கு வந்த விண்ணப்பங்களின் தரவையே பெயர்களை நீக்கிவிட்டு எல்லோருக்கும் கொடுத்தார் சின்ன மேடம். மற்றவர்கள் இரண்டே நாளில் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு முடித்தார்கள். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு மாணவர்கள் தம் சொந்த வார்த்தையில் எழுதியிருந்த பதில்களை எண்ண முடியாது என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். கப்பல் சார் அதை மட்டும் படித்தார். சாப்பாட்டு இடைவேளைகளில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாக, இரண்டு வாரம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இதப் பாருங்கம்மா. 'அப்பா ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறார், வெளிநாட்டு வியாபாரம் படிக்க ஆசை'ன்னு ஒரு பிள்ள எழுதியிருக்கு. ஆனா தேர்ந்தெடுத்தது டேட்டா கோர்ஸ். இந்த மாதிரி மூணு வருஷத்துல அறுபத்தோரு பேர். எப்படி இது?"

மூன்று வருடத்துக்கு முன்புதான் விண்ணப்பம் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியது. படிப்புகளின் பட்டியலை அனுப்பியது நான். புதியதை மேலே போடச் சொன்னார் தலைவர், போட்டேன். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எதைக் காட்ட வேண்டும் என்று கணினிப் பிரிவில் கேட்டார்கள். சேர்க்கை நேரத்து நெரிசலில், "முதல்ல இருக்கறதையே காட்டட்டும்" என்றேன். அவசரத்தில் அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்ட பிள்ளைகள் எல்லோரும் தரவுப் படிப்பில் போய் விழுந்திருக்கிறார்கள்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"அந்தப் பிள்ளைங்க யாரும் வந்து கேக்கலையா?"

நினைவில்லை என்றேன். மறுநாள் அவரே தரவு வகுப்பில் விசாரித்தார். ஒரு பெண் எழுந்தாள். "கேட்டேன் சார். மாத்தணும்னா ஒரு வருஷம் காத்திருக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வீட்டுல, கிடைச்சதப் படின்னுட்டாங்க." ஆபீஸ் என்றால் நான்தான். அந்த முகம் எனக்குக் கொஞ்சமும் நினைவுக்கு வரவில்லை.

தலைவருக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் என் பெயர் இல்லை. 'படிவத்தின் அமைப்பில் நேர்ந்த பிழை' என்று மட்டும் எழுதியிருந்தார். அறுபத்தொரு பேரைச் சேர்த்தாலும் பழைய கூட்டம் வராது, ஆனால் மூடும் அளவுக்குப் படிப்பு இளைக்கவில்லை என்றும் இருந்தது.

தலைவர் கெட்டவர் அல்ல. முழுவதையும் படித்தார். "நீங்க சொல்றது சரி சார். படிவத்த இன்னிக்கே மாத்திடலாம். ஆனா கோர்ஸ மூடறதுக்கு மேல கையெழுத்தாயிடுச்சு. திருப்பி வாங்கணும்னா மறுபடி முதல்லேர்ந்து போகணும். ரெண்டு வருஷம் இழுக்கும்."

இவருக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. "அப்ப வேண்டாம்" என்றார்.

எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் சார் அப்படியே விட்டுட்டீங்க?"

"முடியலம்மா. ஒன்பது பேருக்குப் பாடம் நடத்தறப்பல்லாம், யாருக்கும் என்னைப் புடிக்கலன்னே நெனச்சேன். ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கல. வீட்டுக்குப் போய்ச் சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டேன். மூணு வருஷம். அதுலயே பாதி உசுரு போயிடுச்சு."

ஆனால் ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். தரவுப் படிப்புக்குள்ளேயே சர்வதேச வணிகத்துக்கு ஒரு விருப்பப் பாடம், சனிக்கிழமை காலையில். சான்றிதழையும் விளிம்பில் தொங்கிக்கொண்டு தேறிவிட்டார்.

அலுவலகத்தில் இருந்த மூல விண்ணப்பங்களில் பெயரையும் எண்ணையும் தேடியெடுத்து, அறுபத்தொரு பேருக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும், தப்பு அலுவலகத்தினுடையது என்றேன். சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஒரு பையன், "இப்ப எதுக்குக்கா இதெல்லாம்?" என்று வைத்துவிட்டான். முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அன்று வகுப்பில் எழுந்து பதில் சொன்ன பெண் சேரவில்லை, சனிக்கிழமைகளில் அவளுக்கு ஒரு கடையில் வேலை.

போன சனிக்கிழமை விடாத மழை. பதினோரு பேர்தான் வந்தார்கள். முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மணியடிக்கும்வரை நடத்தினார். பிறகு அறைக்கு வந்து, ஈரக்குடையைக் கதவில் மாட்டி, மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். விளக்கை அணைத்துவிட்டு, காவலாளியிடம் சார் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.