தெரிந்துகொண்டார்: காஹாங் தோட்டத்துக்கு ஒரு பயணம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி ரயிலில் சிங்கப்பூரில் ஏறினேன். குளுவாங் வரை மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு வெள்ளி எண்பது காசு. எழுபது மைலுக்கு இது அநியாயம் என்று டிக்கெட் கொடுத்தவரிடம் முணுமுணுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் ஒரு துணிப்பை, ஒரு குடை, சட்டைப்பையில் ஒரு கடிதம். வழியனுப்ப யாரும் வரவில்லை. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டால் என் பிரயாண ஏற்பாடு முடிந்தது.

நான் ஒரு தமிழ்ச் சபையில் உபதேசியார். கடிதம் எழுதியவர் காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது பெயர்ப்பதிவும் கணக்கும் எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் சபையைச் சேர்ந்தவர். அவர் எழுதியிருந்தது இது: மாடசாமி என்ற ரப்பர் பால்வெட்டுக்காரன் காய்ச்சலில் கிடக்கிறான். கர்த்தர் தன்னைத் தெரிந்துகொண்டார் என்று ஓயாமல் அதையே சொல்லுகிறான். மருந்தைத் துப்பிவிடுகிறான். இப்படி நிச்சயமுள்ள விசுவாசியைத் தாம் கண்டதில்லை. நான் வந்து பார்த்தால் நல்லது.

எங்கள் வேதத் தமிழில் தெரிந்துகொள்வது என்றால் தெரிவு செய்வது. நம்முடைய யோக்கியதையைப் பார்க்காமல், வெறும் கிருபையினால் கடவுள் நம்மைத் தமக்கென்று எடுத்துக்கொள்வது. இருபது வருஷமாக இதைத்தான் பிரசங்கம் செய்கிறேன். ஆனால் மனைவியைப் புதைத்துவிட்டு வந்த நாள் முதல், என்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் விருந்து பரிமாறிவிட்டு அடுப்படியில் பட்டினி கிடப்பவனின் நிலைமைதான். அதனால் அந்தக் கூலிக்காரன்மேல் எனக்குப் பொறாமை. சாகப்போகிறவனுக்கு ஆறுதல் சொல்ல அல்ல, அவனிடம் இருப்பதில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கத்தான் போனேன்.

ஜோகூர்ப் பாலம் போட்ட பிறகு படகில் இறங்கி ஏறும் தொல்லை இல்லை. தெப்ராவ் நீரிணையை வண்டி நிதானமாகக் கடந்தது. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் யாரையாவது யாராவது வந்து அழைத்துப் போனார்கள். நான் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன்.

பகல் பதினொன்றுக்குக் குளுவாங். அங்கிருந்து காஹாங் பதினெட்டு மைல்; பஸ்ஸுக்கு அறுபது காசு. பக்கத்தில் ஒரு கைலி வியாபாரி, நாகூர்ப் பக்கத்து ராவுத்தர், மடியில் பெரிய மூட்டையோடு உட்கார்ந்தார். என் தொழிலை விசாரித்தார்.

"நானும் தோட்டம் தோட்டமாத்தான் சுத்துறேன். நாலு கைலி பிரிச்சுக் காட்டினா ஒண்ணு எடுப்பாங்க. உங்க சரக்கை எப்படிப் பொறுக்குவாங்க?"

"எங்ககிட்ட சரக்குதான் ஆளைப் பொறுக்கும், பாய்."

"அலமாக்!" என்று மலாய்க்காரர்போல் வியந்தார். "அப்ப கடைக்காரர் எதுக்கு, பஸ்ஸுக்குக் காசு குடுத்துக்கிட்டு?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவர் பாதி வழியில் இறங்கிப்போன பிறகு பேசுவதற்கு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வரிசை தப்பாமல், எங்கே பார்த்தாலும் ஒரே மரம்தானோ என்று சந்தேகம் வரும்படி நின்றன.

காஹாங்கிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் செம்மண் பாதை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தும் தொப்பலாக நனைந்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கிராணியார் வாசலில் நின்றேன்.

"வாங்கோ, வாங்கோ உபதேசியார். நல்லாக் களைச்சுப் போனியள். முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் இண்டைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு கிடக்கிறான். பரலோகத்துக்கு அவ்வளவு அவசரம்," என்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஆறு கட்டில் போட்ட பலகைக் கொட்டகை. கடைசிக் கட்டிலில் மாடசாமி, நாற்பது வயதிருக்கும், சுவரைப் பார்த்துக் கிடந்தான். என் குரல் கேட்டதும் திரும்பினான். நிச்சயம் பெற்றவன் முகம் அல்ல அது. போலீஸைக் கண்டவன் முகம்.

"வந்துட்டீங்களா?" என்றான். "நீங்கதானய்யா விரலை நீட்டிச் சொன்னீங்க. கடைசி பெஞ்சில ஒதுங்கிக் கிடந்தவனைப் பாத்து, கர்த்தர் உன்னைத் தெரிஞ்சுகிட்டாருன்னு. பதினாலு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாம மறைச்சு வச்சிருந்தேன். அவரு தெரிஞ்சுகிட்டாரு. இனி மருந்து தின்னு என்ன ஆவப்போவுது?"

போன கிறிஸ்துமஸுக்கு ஜோகூர் பாருவில் நான் பிரசங்கித்த கூட்டத்துக்குக் கிராணியார் அவனை லாரியில் அழைத்து வந்திருந்தார். எனக்கு விரலை நீட்டிப் பேசும் கெட்ட வழக்கம் உண்டு. தெரிவு செய்தார் என்ற பொருளில் நான் சொன்னது, வீட்டுத் தமிழில் அவன் காதில் விழுந்தபோது, உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று ஆகிவிட்டது. கிராணியாரோ அவன் பயத்தையே விசுவாசமாக எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கிறார். நான் அதன்மேல் பொறாமைப்பட்டு ரயிலேறி வந்திருக்கிறேன். மூன்று பேரும் தமிழர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிராணியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவனாகவே சொன்னான்.

"நாகப்பட்டினம் டிப்போவில, அதான் மலாயாவுக்கு ஆள் ஏத்துற கொட்டடியில, கப்பலுக்குக் காத்துக் கிடந்தோம். பட்டியல்ல என் பேரு இல்லை, ஆளு போதும்னுட்டாங்க. மாடசாமின்னு ஒருத்தன் பேரு இருந்துச்சு. அவன் காய்ச்சல்ல நினைவில்லாம மூலையில கிடந்தான். பட்டியல் படிச்ச கங்காணி அந்தப் பேரை ரெண்டு தரம் கூப்பிட்டாரு. மூணாம் தரம் நான் 'இருக்கேன்'னுட்டேன். அவன் என்ன ஆனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் மாடசாமி இல்லய்யா. என் பேரு சுடலைமுத்து."

ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் வேண்டாம் என்று இவன் பிடிவாதம் பிடித்ததாகக் கிராணியார் தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இரவல் பெயர் ஒன்றே அவனுக்குப் பெரும் பாரம்.

அந்த வார்த்தையின் சரியான பொருளைச் சொன்னேன். "குட்டைக் கண்டுபிடிச்சார்னு அர்த்தம் இல்லப்பா. உன்னை வேணும்னு எடுத்துக்கிட்டார்னு அர்த்தம்."

அவன் விடவில்லை. "எந்தப் பேரைச் சொல்லி எடுத்தாரு? மாடசாமின்னா அது எனக்கு வந்தது இல்ல. அதையும் நான் திருடிக்கிட்டதாத்தான் ஆவும்."

இருபது வருஷப் பிரசங்கத்தில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. பிறகு, நான் எத்தனையோ தடவை ஒப்பித்த பாடம் முதல்முறையாக உயிரோடு வாயில் வந்தது.

"எடுத்தப்போ உனக்குப் பேரே வைக்கலை, சுடலைமுத்து. மலை, கடல், கப்பல் ஒண்ணுமே இல்லாத காலத்துல எடுத்தது. அப்பவே டிப்போவில நீ செய்யப்போறதும் அவருக்குத் தெரியும்."

"அப்ப என்னைத் தெரிஞ்சுதான் தெரிஞ்சுகிட்டாரா?"

"தெரிஞ்சுதான்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டான்: "அவனை? அந்த மாடசாமியை? அவனையும் எடுத்திருப்பாரா, இல்ல அங்கயும் மூலையிலயே விட்டுட்டாங்களா?"

தெரிந்துகொள்ளப்படாதவர்கள் விடப்பட்டவர்களே என்று பெரிய பாதிரி ஐயர்மார் இதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை அந்தக் கட்டிலருகே சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. "தெரியாதுப்பா," என்றேன். "கேட்டுப் பாப்போம்." இரண்டு பேரும் அந்த மனிதனுக்காக, அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். ஜெபம் முடிந்ததும் சுடலைமுத்து தானாகக் கையை நீட்டிக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினான். கசப்பில் முகம் கோணிற்று.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆளெண்ணிக்கை. ஈரக் களத்தில் வாளியும் கத்தியுமாக எல்லோரும் நின்றார்கள். கிராணியார் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "இருக்கேன்" வந்தது. "மாடசாமி!" என்றார். "ஆஸ்பத்திரி," என்று யாரோ பதில் சொன்னார்கள்.

விடைபெறப் போனபோது சுடலைமுத்து சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "கிராணி கூப்பிட்டது கேட்டுச்சுய்யா," என்றான். "இத்தனை வருஷமா அந்தப் பேரு காதில விழுந்தாலே திருடன்னு கூப்பிடுற மாதிரி இருக்கும். இன்னிக்கு அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டேன். உடம்பு தேறினதும் கிராணிகிட்ட நானே உண்மையைச் சொல்லிடுவேன். வேலை போனாப் போவுது." பிறகு, "உங்க பேரு என்னங்கய்யா? உங்களுக்கும் வேண்டிக்கணும்ல," என்றான்.

சிங்கப்பூரில் எல்லோருக்கும் நான் உபதேசியார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் என் மனைவி ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால். "ஞானமுத்து," என்றேன். "அட, நானும் முத்து, நீங்களும் முத்து," என்று அவன் சிரித்தான்.

திரும்பும் வழியில் அதே மழை, அதே மரங்கள். குளுவாங்கில் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, ராவுத்தர் எதிரே வந்தால் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். சரக்குதான் ஆளைப் பொறுக்கும். ஆனால் அதைக் கடைக்காரன் தப்பாகக் கூவிவிட்டால், நேரில் போய்த் திருத்திச் சொல்ல அவனேதான் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவர் வரவில்லை.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக் கதவைத் திறந்தேன். தோட்டத்தில் ஒரு லயத்து வரிசை வீடுகளில் நாற்பது பேர். காலையில் ஒருவன் வராவிட்டால் எங்கே என்று கேட்க ஆள் உண்டு. இங்கே நான் இரண்டு நாள் இல்லாதது பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. குடையை மூலையில் சாய்த்தேன். விளக்கை ஏற்றினேன். இந்நேரம் காஹாங்கில் ஒருவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் வீட்டில், யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல், சத்தமாகவே சொன்னேன்:

"இருக்கேன்."