சோதனைச் சாவடியில் கொட்டின பயறு

எனக்குப் புற்றுநோய் வந்து மார்பு ஒண்டை எடுத்த விசயம் வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையில ஒருத்தருக்கும் தெரியாது. கர்ப்பப்பை ஒப்பரேஷன் எண்டு சொல்லி வைச்சிருந்தம். மகளுக்குக் கலியாணம் பேசிற நேரம். தாய்க்கு இப்பிடி வருத்தம் எண்டு தெரிஞ்சால் சாதகக் குறிப்புக் கேட்டு ஆர் வருவினம்? சட்டைக்குள்ள பஞ்சுப் பையொண்டு தைச்சு வைச்சுக்கொண்டுதான் திரிஞ்சனான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முக்கியமாச் சொல்லேல்லை. அவவின்ர வாயில விழுந்த கதை பின்னேரத்துக்குள்ள பாமன்கடை வரைக்கும் போயிடும்.

ஆஸ்பத்திரியில என்ர பக்கத்துக் கட்டில்ல ஒரு தேயிலைத் தோட்டத்துப் பொம்பிளை இருந்தவ. பிறகு ஒவ்வொரு முறை மருந்துக்கு வரேக்கையும் தங்க இடமில்லாமல் வெளி விறாந்தையில படுப்பா. நான் சுகமான அடுத்த வருசம் எங்கட கோயில் பொம்பிளையள் ஒரு நடை ஒழுங்கு செய்தினம். வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்து காசு சேர்த்து, இப்பிடியான ஆக்கள் தங்க அங்க ஒரு வீடு எடுக்கிறதெண்டு. முதல் பேர் குடுத்தது நான். என்ர வீட்டுக்காரர் குதிச்சார். குண்டு வெடிக்கிற ஊரில நடையாம், ஆமி மறிக்காட்டியும் என்ர விசயத்தைச் சனம் கண்டுபிடிச்சிடுமாம். செத்துப் பிழைச்சவளுக்கு இனி என்ன பயம் எண்டு கத்திப்போட்டு நான் சப்பாத்து வாங்கப் போனன்.

வெறும் பஞ்சு பாரமில்லாமல் மேல ஏறும். நடக்கேக்க மானம் போயிடும் எண்டு பயந்து, நடைக்கு முதல் நாள் அதுக்குள்ள ரெண்டு கை பயறு போட்டு இறுக்கித் தைச்சன். சோதனைச் சாவடி ஞாபகமே வரேல்லை. நாள் தவறாமல் ஆமிக்கு ஐடென்டிட்டி கார்ட் காட்டிற எனக்கு, பாருங்கோ, என்ன விசர்!

பம்பலப்பிட்டி தாண்டேக்க காலில ஒரு நோவும் இல்லை. ஒரு வருசத்துக்கு முந்திக் கட்டிலை விட்டு எழும்ப ரெண்டு பேர் பிடிக்கவேணும். இப்ப கடல் காத்து முகத்தில அடிக்க, எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வந்தது.

கொள்ளுப்பிட்டிச் சாவடியில ஆமி மறிச்சினம். பொம்பிளையளைத் தடவிப் பார்க்கிற துணி மறைப்புக்குள்ள நான் போனன், எனக்குப் பின்னால நடைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா. அங்க நிண்ட ஆமிப் பெட்டையின்ர கை என்ர நெஞ்சில பட்ட உடனை அப்பிடியே நிண்டுது. குண்டெண்டு நினைச்சு முகம் வெளிறிப்போச்சு. நான் பையை வெளியில எடுத்துக் குடுத்தன். கத்தியால கீறினாள். பயறு பொலபொலவெண்டு கொட்டிச்சுது.

மார்பு எடுத்த இடத்தைக் காட்டினன். அவள் குனிஞ்சு பயறைப் பொறுக்கத் தொடங்கினாள். கிழிஞ்ச பையைச் சுருட்டி, தன்ர சட்டையில குத்தியிருந்த ஊசியும் கழட்டித் தந்தாள்.

"வேண்டாம், பிள்ளை," எண்டு சிங்களத்தில சொன்னன். "நான் இப்பிடியே போறன்."

அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, அக்காவைத் தொட்டும் பாராமல் போகச்சொல்லிக் கையசைச்சாள்.

நடைக்குத் தந்த வெள்ளை ரீசேர்ட்தான் போட்டிருந்தன், மறைக்க முந்தானையும் இல்லை. ஒரு பக்கம் தட்டையா நடந்தன். மகளின்ர கலியாணப் பேச்சு இதோட குழம்பிச்சு எண்டு நினைச்சன். அக்கா வழி நெடுக ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். புறக்கோட்டையில மூட்டை இறக்கிற ஆக்கள் பார்த்தினம். பார்க்கட்டுமே! எனக்குக் கோவம் வந்து இன்னும் கெதியா நடந்தன்.

கொட்டாஞ்சேனைச் சந்தியில என்ர வீட்டுக்காரர் தேசிக்காய் பிழிஞ்ச தண்ணியோட நிண்டார். என்னைக் கண்ட உடனை துவாயை விரிச்சு மூட வந்தார். நான் அதை வாங்கி வேர்வையைத் துடைச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்தன்.

அப்பதான் அக்கா கிட்ட வந்தா.

"தங்கச்சி, நீர் முன்னுக்கு நிண்டபடியால்தான் நான் தப்பினன்," எண்டா. "எனக்கு அரிசி. ஏழு வருசமாச்சு."

ஒரே மதிலுக்கு ரெண்டு பக்கமும் இருந்து ரெண்டு பேரும் ஒளிச்சிருக்கிறம். அவ அங்காலப் பக்கம் திரும்பிச் சட்டைக்குள்ள கைவிட்டுத் தன்ர பையை எடுத்து, என்ர வீட்டுக்காரரின்ர கையில பிடிக்கக் குடுத்தா. பிறகு நானும் அவவும் கை கோத்துக்கொண்டு, வருத்தக்காரர் தங்க எடுக்கிறதெண்டு பார்த்து வைச்ச அந்த வீட்டுப் படி ஏறினம்.