தேய்க்காத தொட்டிகள்

ஊரார் வீட்டுத் தொட்டியில் மீன் விடும் உத்தியோகம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். குமாரபாளையத்தில் வீட்டுக்கு ஒருவர் கொசு பரப்பும் குளிர்காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தார்கள். கொசுப்புழுவைத் தின்னும் பொடிமீன்களைப் புழக்கடைத் தொட்டிகளில் விடுவதற்கு ஒரு சுகாதார அதிகாரி என்னைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார். "நான் வந்து பார்க்கும்போது மீன் உயிரோடிருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்றார். எனக்கோ முழங்கால் போய், தறிக்குழியில் இறங்க முடியாத உடம்பு. வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள். ஆக, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்களை நம்பி ஐந்து பேர் சாப்பிட்டாக வேண்டும்.

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

ஜவுளிக்காரர் வீட்டு வள்ளியம்மாள் சுத்தத்துக்குப் பேர்போனவர். அந்த வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். நான் வியாழனன்று விட்ட மீன்களை வெள்ளிக்கிழமை காலை ஒரு குண்டானில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, புதுத்தண்ணீர் நிரப்பித் திரும்ப விட்டார். தண்ணீர் பளிங்காய் இருந்தது. நாலாம் நாள் மீன்கள் மல்லாந்து மிதந்தன. மறுபடி விட்டேன்; மறுபடி வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாம் தடவை நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அந்த அம்மா அனுதாபத்தோடு சொன்னார்:

"ஏனுங்க, கொஞ்சம் சுத்தபத்தமான மீனாப் பாத்துக் கொண்டாரக் கூடாதுங்களா?"

தர்மவான்

நெசவுக்கார ஆறுமுகம் இளகின மனசுக்காரர். பாவு நூலுக்கு விறைப்பேற்றப் போட்டதில் மிஞ்சிய கஞ்சியை மீனுக்கென்று தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் வெளுத்து நாற்றமெடுத்தது. மூச்சுமுட்டிய மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. 'அடப் பாவமே, இன்னும் பசி தீரலையே' என்று மனுஷன் இன்னொரு சட்டி ஊற்றிவிட்டார்! நான் போனபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கண்கலங்கி நிற்கிறவரை என்னவென்று திட்டுவது?

"வாயத் தொறந்து கேக்குதுங்க, இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

கருப்பாயி வீட்டுப் பிரசவம்

நாளெல்லாம் நூல் சுற்றிப் பிழைக்கும் கருப்பாயிக்குத் தொட்டி தேய்க்க நேரமேது? உள்ளே கைவிட்டால் பாசி வழுக்கும். "அவ ஊட்டுல மீனா? வீண்" என்றது தெரு. கடமைக்கு நாலைந்து மீனை விட்டுவிட்டு மறந்துபோனேன். ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்த்தால், அம்மாடி! அத்தனையும் உயிரோடு, போதாததற்குக் குஞ்சுகள் வேறு. நான் திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று பயந்து அவள் நாரும் கையுமாக ஓடிவந்தாள். "தாயீ, தொட்டுராதீங்க!" என்று கத்தியே விட்டேன்.

மீன் கழிப்பதும் அதே தண்ணீரில்தான். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் கல்லில் ஒட்டிய வழவழப்பில் குடியிருக்கின்றன என்பதெல்லாம் பிற்பாடு ஒரு வாத்தியார் சொல்லித் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தேய்த்த வீட்டில் சாவு, தேய்க்காத வீட்டில் பிரசவம். அவள் தொட்டியிலிருந்து பாசிக்கல் எடுத்து வீட்டுக்கு ஒன்றாகப் போட்டேன். தேய்க்காதீர்கள், கஞ்சி ஊற்றாதீர்கள், தண்ணீர் குறைந்தால் மட்டும் மேலே ஊற்றுங்கள் என்று, என் மூன்று குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். புதிதாக விட்ட மீன்கள் நிலைத்தன. கருப்பாயியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஊரே என்னையச் சோம்பேறிங்குதுங்க, உங்க மீனு ஒண்ணுதான் நல்லவளுன்னு சொல்லியிருக்குது."

அதிகாரி வந்தார்

புதன்கிழமை அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. பெரிய மனுஷர் வந்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? வாசல் தெளிப்பார்கள், கோலம் போடுவார்கள், தொட்டி தேய்ப்பார்கள்! இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வேறு. ஓடிப்போய்த் தடுக்கலாமென்றால், அந்த வாரம் பார்த்து எனக்கே குளிர்காய்ச்சல்.

புதனன்று நடுங்கிக்கொண்டே அதிகாரியின் பின்னால் போனேன். முதல் வீடே வள்ளியம்மாள் வீடு. கோலம் பளிச், பித்தளை பளிச், தரை பளிச். தொட்டி மட்டும் பச்சைப்பசேல், உள்ளே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அதிகாரி அகப்பையால் துழாவினார். ஒரு புழு இல்லை. "ஏனம்மா, வீடு இவ்வளவு சுத்தம், தொட்டி ஏன் இப்படி?" என்றார். தெருப் பெண்கள் கூடி நின்றார்கள். நான் சொன்னதாகச் சொன்னால் பழி என்மேல் வருமோ என்று அந்த அம்மாவுக்குப் பயம். தலையைக் குனிந்துகொண்டு, "சோம்பலுங்க, சாமி" என்றார். மற்ற வீடுகளிலும் பாசி அப்படியே இருந்தது, மீன்கள் உயிரோடிருந்தன. அன்றே எனக்கு வேலை நிரந்தரமானது. வள்ளியம்மாளுக்கு நன்றி சொல்லப் போனேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. அவரே பேசினார்:

"வெள்ளிக்கெழம நாரை எடுத்தனுங்க, உங்க கொழந்தைங்க மொகம் முன்னால வந்து நின்னுச்சு, வெச்சுப்போட்டனுங்க."

சுத்தக்காரி என்ற பேரைத் தெருவே பார்க்க எனக்காகக் கெடுத்துக்கொண்ட அந்த அம்மாவின் தயவில்தான், கொசுவை ஒழிக்கப் புறப்பட்டுக் கொசுக்கடியில் படுத்த ஒருவன் வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்தது.