சிங்கி இறால் தொட்டியில் பெருத்த குமிழிகள்

காசிமேட்டில், உயிரோடு ஏற்றுமதி செய்யச் சிங்கி இறால்களைத் தொட்டியில் விட்டு வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கிருந்த மேனேஜரை எனக்கு ஆகாது, இன்றைக்கும் ஆகாது. எல்லார் முன்னாலும் என்னைப் "பத்தாங்கிளாஸ் ஃபெயிலு" என்றுதான் கூப்பிடுவான். என்னோடு தொட்டி கழுவிய ஓர் அக்கா மட்டும் அதற்குச் சிரிக்கமாட்டாள். அவள் புருஷன் ஹார்பரில் கால் உடைந்து படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்கள்.

தொட்டியில் கடல் தண்ணீர், அடியில் காற்று விடும் கல். உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராது. பொடிப்பொடியாக, பால் கலந்தாற்போல் மேலே வரும். நல்ல தண்ணீர் அதிகமாகக் கலந்தால் சேர்ந்து சேர்ந்து கோலிக்குண்டு அளவுக்குப் பெருத்து வெடிக்கும். கரைந்த உப்பு தண்ணீரின் மேல்தோலை என்ன செய்கிறது என்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்களாம். போடட்டும். எனக்குப் பார்த்தாலே தெரியும்.

ஒருமுறை மேனேஜரிடம், "சார், குமிழி பெருசா கீது, உப்பு கம்மி" என்றேன். உப்பு அளக்கும் மீட்டரை என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "அப்போ இது இன்னாத்துக்கு கீது? போய் கழுவுற வேலைய பாரு."

அடுத்த வாரம் கடல் தண்ணீர் லாரி வரவில்லை. தொட்டியைக் குடிதண்ணீர் விட்டு நிரப்பச் சொன்னான். அக்கா குழாயைத் திறந்தாள். மீட்டரைப் பார்த்து, "கரீட்டா கீது" என்று சொல்லிவிட்டுப் போனான். மீட்டர் பழுது. காலையில் தண்ணீர் விட்டதுமே நான் தொட்டியைப் பார்த்துவிட்டேன்; கோலி கோலியாகக் குமிழி. வாயைத் திறக்கவில்லை. சாவட்டும், இவன் மூஞ்சி கிழியட்டும் என்று நின்றேன். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் சிங்கிகள் மல்லாந்துவிட்டன. முதலாளி வந்தார். மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் அக்காவைக் கைகாட்டினான். "நான் சொல்லாமலே இந்தம்மா தண்ணி வுட்டுச்சி சார்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாமா பாத்த?"

பார்த்தேன் என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். என் வேலையும் போகும்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்."

அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கேட்டு வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, அவன் நாசமா போவான்கா."

அவள் நிற்கவில்லை. "அவன வுடு. அவன் மீட்டர பாத்தான். நீ தண்ணிய பாத்துனு இருந்தியே."