குட்டைக் கம்பி

ஜேர்மனியில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்த வருடம் நான் பாஞ்சோ பழகத் தொடங்கினேன். எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றான் மகன். கடையில் பாண் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான், யாருக்குப் போய்ச் சொல்லப்போகிறேன்.

டார்ம்ஸ்டாட்டில் பழஞ்சாமான் சந்தையில் ஓர் அமெரிக்கப் பெண் அதை மேசையில் வைத்திருந்தாள். வட்டத் தோல், நீளக் கழுத்து, நான்கு நீளக் கம்பிகள். ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை, கழுத்தின் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதைக் கண்ட பிறகு வாங்காமல் என் கால் நகரவில்லை.

பழக்கியவள், எங்கள் மாதப் பூசைக்கு வருகிற ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை. யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கூடப் படிக்கிறவர்களிடம் பாஞ்சோ பழகியிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஸ்டைலுக்குப் பேரு கிளாஹாமர். கையைக் கோழிக்கால் மாதிரி மடக்கிக்கோங்க. நகத்தால மேலயிருந்து கீழ அடிக்கணும். கட்டைவிரல் வந்து குட்டி ஸ்ட்ரிங்ல உக்காரணும், அப்புறம் அதைத் தட்டிட்டு வரணும். டென்ஷன் ஆகாதீங்க, கை படிய ஆறு மாசம் ஆகும்."

நான் அடித்தேன். அவள் தன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"யாரு ஆன்ட்டி முன்னாடியே சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

அது பொய்யில்லை.

எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் கடலோர வேதக் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய பாஞ்சோ அவரிடம் இருந்தது. கல்யாண வீடுகளில் உடைந்த சீப்புத் துண்டால் நான்கு கம்பிகளையும் உரசி, நடக்க மாட்டாத கிழவர்களையும் ஆட வைப்பார். குட்டைக் கம்பி எதற்கென்று மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டால், "அது கோவணம் காயப்போட" என்பார். நான் அதைத் தொடக்கூடாது. பொம்பிளைப் பிள்ளை மடியில் வைக்கிற சாமானா அது என்று என்னைப் பெற்ற ஐயா முன்னமே சொல்லியிருந்தார்.

ஆண்டவர் பாடுபட்ட துக்கத்துக்காகப் பெரிய வியாழன் இரவு தொடங்கிக் கோயிலில் மணி அடிக்காது. பூசைக்குக் கூப்பிட ஒரு பலகையை மரக்கட்டையால் தட்டிக்கொண்டு ஒழுங்கை வழியே வருவார்கள். அம்மா அந்த நாட்களில் உரலில் மாவும் இடிக்க மாட்டா. பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் ஆயத்தத்தில் எல்லாரும் இருக்க, நான் பின்னறையில் பாஞ்சோவுக்கு முன்னால் இருந்து யோசித்தேன். மணி உலோகம், அதனால் கூடாது. பலகை மரம், அதனால் பாவமில்லை. அப்படியென்றால் தோலிலும் பாவம் இருக்காது. கம்பியைத் தொடாமல் தோலை மட்டும் தட்டினால் ஆண்டவருக்கு என்ன குறை.

மடியில் வைத்து நகத்தால் மேலிருந்து கீழே தட்டினேன். கை இறங்கிய வேகத்தில் பெருவிரல் குட்டைக் கம்பியில் மாட்டியது. மாட்டியதை இழுத்து எடுத்தேன். டங் என்றது. திரும்பத் தட்டினேன், திரும்ப மாட்டியது. மூன்றாம் தரம் அது தானாக மாட்டவில்லை, நான் மாட்டினேன். பிறகு எவ்வளவு நேரம் அடித்தேனோ தெரியாது.

கோயில் மூப்பரும் ஐயாவும் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் மாமா கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து, பாஞ்சோவைப் பறித்துத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் சிலுவையில தொங்கிற நேரம் இஞ்ச ஆருக்குக் கலியாணம்?" என்றார் மூப்பர்.

"நான்தான் அடிச்சனான், அத்தான். இண்டைக்குப் பெரிய வெள்ளி எண்டதை மறந்துபோனன்," என்றார் மாமா ஐயாவிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் கண்டுபிடித்ததை இவர் தன்னுடையது என்கிறாரே.

"பொய். மாமாவுக்குக் குட்டைக் கம்பி அடிக்கத் தெரியாது. நான்தான் அடிச்சனான்."

பெரிய வெள்ளிக்கிழமை, மூப்பருக்கு முன்னால், மாமா வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐயா பூவரசங் கம்பை முறித்தார். முழந்தாளில் நின்று, தெரியாமல் செய்துபோட்டேன் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றார் மூப்பர்.

"முழந்தாளில நிக்கிறன். தெரியாமல் எண்டு சொல்லமாட்டன். தெரிஞ்சுதான் அடிச்சனான்."

பொழுதுபடும்வரை நின்றேன். கம்பு இரண்டு தரம் மாறியது. சொல்லவில்லை. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. வாய்காட்டுறவளுக்குப் படிப்பு என்னத்துக்கு என்றார் ஐயா. மாமா அந்தப் பெரிய வெள்ளி முடிந்த கையோடேயே பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பல் வேலைக்குப் போனார். எங்கெங்கோ துறைமுகங்களிலிருந்து கடிதம் போடுவார். கடைசி வரியில் என்னை விசாரித்திருப்பார். கொஞ்சக் காலத்தில் அதுவும் நின்றது. அவர் திரும்பி வரவில்லை.

என் அடியைத் தான் வாங்குவதற்கே அவர் அப்படிச் சொன்னார் என்பது கொஞ்சம் வளர்ந்ததும் விளங்கிவிட்டது. விளங்காதது அந்தச் சிரிப்பு. என்னைக் கேலி பண்ணிவிட்டார் என்று வைராக்கியம் வைத்தேன்.

இங்கே எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மத்தியானம் ஒன்று தொடங்கி மூன்று மணிவரை சத்தம் கூடாது. "வீட்டு நிர்வாகத்திட்டயிருந்து கடிதம் வந்தா, பாஞ்சோ பழையபடி சந்தைக்குத்தான் போகும். உங்கட வயசுக்குச் செபமாலையைப் பிடிக்கலாமே அம்மா," என்று மகன் சொல்லியிருந்தான். செபமாலைக்கு ஒரு கை போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தம் அடங்கத் தோலுக்குப் பின்னால் ஒரு காலுறையைச் செருகித்தான் வாசிப்பேன். ஒரு ஞாயிறு இரண்டு மணிபோல் கை நன்றாக ஓடியது. காலுறையை உருவி எறிந்துவிட்டேன்.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு ஜேர்மன்காரர். என்ன சத்தம் என்று கேட்டார். றேடியோ என்று மகன் சொன்னது அறைக்குள் கேட்டது.

எழுந்து போனேன். பாஞ்சோ என் கழுத்தில் தொங்கியது. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்து நான் அந்நியருக்கு முன்னால் பேசிய முதல் ஜேர்மன் அதுவாகத்தான் இருக்கும்.

"நைன். இஷ்." இல்லை, நான்.

அவர் என்னைப் பார்த்தார், பாஞ்சோவைப் பார்த்தார், மூன்று விரலைக் காட்டினார். மூன்று மணிக்குப் பிறகு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மகன் கதவைச் சாத்தினான். "உங்களுக்காகத்தானே அம்மா றேடியோ எண்டனான்."

"தெரியும். ஆனா றேடியோ அடிக்கேல்லை. நான்தான் அடிச்சனான்."

கோபத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவன், கதவில் முதுகைச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

முழந்தாளில் நின்ற அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பென்றால் கேலி என்று மட்டும்தான் தெரிந்திருந்தது. மாமாவின் கடிதம் ஒன்றுக்கும் அவள் பதில் எழுதவில்லை. ஒரு பதில் எழுத ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும்.