முதலாளி வீட்டுத் தொட்டி

பொங்கலூர் முதியோர் குடியிருப்பில் உள்ளரங்க நீச்சல்குளம் வேண்டுமா என்று கூட்டம் நடந்தது. அங்கே காவலராக இருக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான் ஓரமாக நின்றேன்.

"ஊடெல்லாம் குளோரின் நெடி அடிக்குமுங்க" என்றார் ஒருவர்.

அந்த நெடியை நான் எட்டு வயதிலிருந்தே அறிவேன். அப்பா அப்போது பனியன் துணி வெளுக்கும் சலவைப்பட்டறையில் இருந்தார். ஞாயிறுதோறும், பட்டறையிலிருந்து கொண்டுவந்த, குளோரின் நெடி போகாத காலிக் கேனை முதலாளி மகளின் முதுகில் கட்டி, அவர்கள் வீட்டுத் தொட்டியில் நீச்சல் பழக்குவார். "அப்படித்தானுங்க சாமி, காலை ஒதைங்க" என்று அவள் வயிற்றைத் தாங்கிப் பிடிப்பார். நான் அவளுடைய துண்டோடு கரையில் நிற்பேன்.

"நானும் எறங்கட்டுங்களாப்பா?"

"அது அவிய தொட்டி, கண்ணு."

கூட்டத்தில் ஒரு பெரியவர் அப்பாவைக் காட்டினார். "குளம் வரட்டுமுங்க, இவருக்கு நீச்சல் நல்லாத் தெரியுமுங்க, இவரே நமக்கெல்லாம் பழக்கி உட்ருவாரு!"

அப்பா கூச்சத்தோடு சிரித்தார். அங்கிருந்த முதியவர்களின் முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லதென்று அறிந்தும், குளத்துக்கான தீர்மானம் தோற்க வேண்டுமென்றே விரும்பினேன்.